சுவருக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஜாயின்ட்: 72,000 ரூபாய் போனது, நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

72,000 ரூபாய். அலமாரி, டிவி யூனிட் எல்லாம் செய்து தரும் ஒரு இன்டீரியர் கம்பெனிக்கு, மின்வேலைக்கென்று மட்டும் நான் கொடுத்த தொகை இது. மரவேலைக் கணக்கு தனி. கம்பெனி பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆப்பில் புக் செய்தால் டேப்லெட்டோடு சூப்பர்வைசர் வந்து 3டி படம் காட்டுவாரே, அந்த ரகம்.

எங்களுடையது எண்பதுகளில் கட்டிய வீடு. உள்ளே ஓடுவது பழைய அலுமினியம் வயர். படுக்கையறைச் சுவர் முழுக்க அலமாரி வருவதால் சுவிட்ச் போர்டையும் கீசர் பாயிண்டையும் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் கரண்ட் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து புதுப் பாயிண்ட் வரை முழு நீளமும் புதுக் காப்பர் வயர், நடுவில் ஜாயின்ட்டே கிடையாது என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் வயர் காயிலின் சீலை எங்கள் முன்னாடியே பிரித்தார். ஐஎஸ்ஐ முத்திரையையும், வயருக்கான தர எண்ணான ஐஎஸ் 694-ஐயும் அம்மாவிடம் காட்டினார். "நம்ம வீடு மாதிரி நினைச்சுப் பண்றோம்மா, இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்" என்றார். அம்மா அவருக்கும் பசங்களுக்கும் மோர் கலந்து கொடுத்தார். முத்திரையும் நிஜம், வயரும் நல்ல வயர். அதைப் பார்த்துத்தான் மீதிப் பணத்தை அன்று மாலையே அனுப்பினேன். 72,000-மும் முடிந்தது. அந்த நல்ல வயரில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எங்கள் சுவரில் வைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

கீசர் போட்டால் அலமாரிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. துணியை எல்லாம் எடுத்துவிட்டுக் கை வைத்தால் பின்பலகை சுட்டது. தெருவில் இருக்கும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். பலகையைக் கழற்றி, பட்டியைச் சுரண்டி, பூச்சை உடைத்தார். பழைய அலுமினியமும் புதுக் காப்பரும் கையால் முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, அப்படியே சிமெண்டுக்குள் கிடந்தது. பாக்ஸ் இல்லை. அந்த இடத்தில் பைப்பும் இல்லை. டேப் உருகிக் கரியாகியிருந்தது. அதற்குமேல் பிளைவுட், அதற்குள் எங்கள் துணிகள். அடுத்த அறையில் அம்மா தூங்குகிறார்.

கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக ஆஃப் ஆகும் எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்டேன். "இதுக்கு விழாது தங்கச்சி, கரண்ட் கூடலையே" என்றார். 2000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியர்கூட இல்லை. ஆனால் ஜாயின்ட் தளர்ந்து அரை ஓம் தடை வந்தாலே விரல்நுனி அளவு இடத்தில் கிட்டத்தட்ட 38 வாட் சூடு கிளம்பும். எம்சிபிக்கு அது தெரியாது. கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கும், கசிவு இல்லாதவரை தெரியாது. அலுமினியமும் காப்பரும் நேரடியாகச் சேர்ந்தால் அரிப்பு வந்து தடை ஏறிக்கொண்டே போகும். இது வயரிங் வேலைக்கு வரும் பையனுக்கே தெரிந்த விஷயம் என்றார் அண்ணன்.

அப்புறம் கம்பெனிக்குப் போன் செய்தேன். "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்." டிக்கெட் தானாகவே மூடிக்கொண்டது. சூப்பர்வைசரைப் பிடித்தால், "உங்க கீசர் பழசு மேடம், லோடு ஜாஸ்தி இழுக்குது." அடுத்தவர், "வாரண்டி மரவேலைக்கு மட்டும்தான்." கருகிய ஜாயின்ட்டின் படத்தை அனுப்பியதும் வந்த பதில்தான் உச்சம்: வெளியாளை வைத்து நாங்களே சுவரை உடைத்ததால் இருந்த வாரண்டியும் போய்விட்டதாம். உடைக்காமல் எப்படித் தெரியும்? வீடு எரிந்த பிறகா? 72,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என்ன பதில் இது!

எதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

பைப்புக்குள்ளோ பூச்சுக்குள்ளோ ஜாயின்ட்டைப் புதைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் நாட்டு வயரிங் விதிமுறையான ஐஎஸ் 732, இப்படிப்பட்ட ஜாயின்ட் சோதிக்கவும் பழுது பார்க்கவும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஜாயின்ட் தவிர்க்கவே முடியாது என்றால் ஜங்ஷன் பாக்ஸ், உள்ளே சரியான கனெக்டர், மேலே கழற்றக்கூடிய பிளேட். கண்ணை உறுத்தினால் சுவரின் நிறத்திலேயே பிளேட் போடச் சொல்லுங்கள். அதன்மேல் அலமாரியை அடித்து மூடவிடாதீர்கள். அலுமினியத்தோடு காப்பரைச் சேர்ப்பதென்றால் அதற்கென்றே இருக்கும் கனெக்டர்தான்.

வேலை செய்ய வருபவரிடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றைக் கேளுங்கள். வயருக்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து அளவோடு போட்டோ எடுங்கள். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், தளர்ந்த ஜாயின்ட் அதில் சிக்காது. அதெல்லாம் முடியும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொட்டேஷன், படங்கள், 72,000-க்கான ரசீது மூன்றையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். கருகிய ஜாயின்ட்டையும் தூக்கிப் போடவில்லை, கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.