நோனகன் இன்ஃபினிட்டி: முடிவில்லாத ஆல்பத்தில் ஒரு ஓட்டை

கிங் கிஸ்ஸர்ட் அண்ட் த லிசர்ட் விசார்ட் ராக் குழுவை எங்கிருந்து ஆரம்பிக்கலாம், 'நோனகன் இன்ஃபினிட்டி'யை இசைத்தட்டாகவே வாங்கிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஆல்பத்தோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவனிடம் வந்து கேட்டுவிட்டார், அனுபவிக்கட்டும்.

மெல்போர்ன் குழு, 2016 ஏப்ரல் வெளியீடு, 9 பாட்டு, 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. இதெல்லாம் தெரிந்த கதை. ஒரு பாட்டு முடியாமலே அடுத்தது ஆரம்பித்துவிடும். கடைசிப் பாட்டான 'ரோடு டிரெயின்' ஓடிவரும் வேகத்திலேயே முதல் பாட்டு 'ரோபாட் ஸ்டாப்' மறுபடி பிடித்துக்கொள்ளும். நமக்கொன்றும் இது அதிசயமில்லை. அந்தாதியில் கடைசிச் செய்யுளின் முடிவு முதல் செய்யுளின் தொடக்கத்தோடு மண்டலித்து நிற்குமே, அதே வேலைதான். என்ன, இங்கே ஏழு பேர், இரண்டு டிரம்ஸ் செட், காது கிழிகிற கிதார்.

என் கடுப்பெல்லாம் அந்தக் கடைசி மூட்டில்தான். மற்ற எட்டு மூட்டும் பிசிறில்லாமல் போகும். ரோடு டிரெயினிலிருந்து ரோபாட் ஸ்டாப்புக்குத் திரும்புகிற இடத்தில் மட்டும் என் போனில் இருக்கிற பிளேயர் திக்கும். அரை நொடிகூட இருக்காது. ஆனால் அத்தனை பேரும் முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒன்றுமே இல்லை. அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி முதல் பாட்டு. இந்த ஆல்பத்தைச் செய்ததே அந்த ஒரு இடத்துக்காக. மற்ற எந்த மூட்டில் திக்கியிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

முதலில் எம்பி3தான் காரணம் என்று அதன்மேல் பழி போட்டேன். அதிலும் நியாயம் உண்டு. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (சாம்பிள், கணத்துக்குக் கணம் எடுத்த ஒலி அளவு) கொண்ட துண்டுகளாக வெட்டும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. பாட்டு சரியாகத் துண்டின் எல்லையில் முடிவதில்லை என்பதால் மிச்சத்தை மௌனத்தால் அடைக்கும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே இருந்தால், அதைப் படித்துக் கத்தரிப்பது பிளேயரின் பொறுப்பு. மற்ற ஆல்பங்களில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எப்படியும் அமைதி இருப்பதால் யாருக்கும் இது உறைப்பதில்லை. இங்கே ஊசி குத்துகிற மாதிரி உறைக்கும். சரி என்று, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்குகிற ஃபிளாக் கோப்புகளுக்கு மாறினேன். எட்டு மூட்டும் இன்னும் சுத்தமாயின, ஒன்பதாவது அப்படியே திக்கியது. அடுத்த பாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிற இந்த ஆப், பட்டியலின் கடைசிக்கு வந்ததும் அதைச் செய்வதில்லை. ரிபீட் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தும்.

கடைசியில் ஒன்பதையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரே டிராக்காக ஒட்டி லூப்பில் ஓடவிட்டேன். அங்கேதான் எதிர்பாராத சந்தோஷம். எது முதல் பாட்டு என்பதே அடிபட்டுப் போகிறது. இப்போதெல்லாம் ஐந்தாவதான 'மிஸ்டர் பீட்'டில்தான் ஆரம்பிக்கிறேன். வரிசைப்படி கேட்டால் அது நடுவில் வருகிற ஓர் இளைப்பாறல், அவ்வளவுதான். அதை முன்னால் வைத்தால் கீபோர்டு மெல்லக் கூட்டிப்போகிறது. 'ஈவில் டெத் ரோல்' முதல் ஏற்றமாகிறது. 'இன்விசிபிள் ஃபேஸ்' நடுவே இரைச்சல் விலகி இசை மிதக்கிற இடத்துக்கு அப்போதுதான் முழு மதிப்பும் கிடைக்கிறது. ரோடு டிரெயினும் ரோபாட் ஸ்டாப்பும் அடுத்தடுத்து வந்து உச்சமாகின்றன. ஆல்பத்தின் பெயரைக் கோஷமாகக் கத்துகிற அந்த இடம் அறிமுகமாக இல்லாமல் வெற்றி முழக்கமாகக் கேட்கிறது. பாட்டுகளை ஷஃபிள் போட்டால் இதெல்லாம் நடக்காது. வரிசை மாறாமல் வாசல் மட்டும் மாற வேண்டும். ஒரே விலைக்கு ஒன்பது ஆல்பம் வாங்கியது போலத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழுவின் பாடகர் ஸ்டூ மெக்கன்சியின் குரல் ஏறக்குறைய முழுக்கவே கரகரப்புக்குள் புதைந்து கிடக்கிறது. அடுத்தடுத்து இரண்டு சுற்று ஹெட்ஃபோனில் கேட்டால் தலை கனக்கும். 'காமா நைஃப்' முடிவில் வருகிற டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் மட்டும் எத்தனை சுற்றானாலும் சலிக்கவில்லை.

இசைத்தட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஆல்பத்தின் பெயரிலேயே முடிவிலி. தட்டில் அது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நீங்கள் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டால் மட்டும் தொடர்கிற முடிவிலி. போனில் வருகிற அரை நொடிக்கே இந்தக் கூப்பாடு போடுகிறேன். முள்ளைத் தூக்கி, தட்டைப் புரட்டி, துடைத்து, மறுபடி வைக்கிற நேரத்தை என்னவென்று சொல்ல. அட்டைப்படம் அழகுதான். அட்டைப்படத்துக்காக வாங்குகிறவர் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

எனவே நண்பரே, வாங்க வேண்டாம். தட்டுதான் வேண்டும் என்றால் இதே குழு 2015இல் போட்ட 'குவார்ட்டர்ஸ்' இருக்கிறது. நான்கே பாட்டு, ஒவ்வொன்றும் சொல்லிவைத்த மாதிரி 10 நிமிடம் 10 நொடி. பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை; முதல் அறிமுகத்துக்கு இதமாகவும் இருக்கும். நோனகன் அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைக் கையில் எடுத்தால் எந்த ஆப்பில் கேட்பது, எந்தக் கோப்பு வகை என்று நீங்களும் என்னைப் போல் அலைவீர்கள், அதுவும் என்னையே கேட்டு. ஒட்டி வைத்த கோப்பை அனுப்பச் சொல்லாதீர்கள். பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும்.