சிபேனலின் கோப்புப் பாதுகாப்பு: கோப்புறைக்குப் பூட்டு உண்டு, தனிக் கோப்புக்கு இல்லை

தரவுத்தளக் கடவுச்சொல் எழுதியிருக்கும் கோப்பை யாரோ ஒருவர் பிரவுசரில் திறந்து படித்துவிட்டால், மற்ற பாதுகாப்புகள் எல்லாம் வீண். பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரில் பல தளங்கள்) பலரிடமும் இருக்கும் தள நிர்வாகப் பலகையான சிபேனல், இதைத் தடுக்கப் பாதி வேலையைத்தான் செய்கிறது.

நன்றாக அமைந்தது, கோப்புறைக்குக் கடவுச்சொல் போடும் 'டைரக்டரி பிரைவசி'. கோப்புறையைத் தேர்ந்து, டிக் போட்டுச் சேமித்து, பிறகு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனியே சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டால் உரியவரும் உள்ளே போக முடியாது. அந்தக் கடவுச்சொல் இருக்கும் கோப்பைச் சிபேனல் தளக் கோப்புறைக்கு வெளியே வைக்கிறது, பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் எச்டிடிபிஎஸ் (குறியாக்கிய இணைப்பு) இல்லாத தளத்தில் இதை நம்பாதீர்கள். கடவுச்சொல் வெறும் பேஸ்64 என்ற, எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய வடிவில் போகும், வழியில் பிடிப்பவர் நொடியில் படித்துவிடுவார். வேர்ட்பிரஸின் நிர்வாகக் கோப்புறையான டபிள்யூபி-அட்மினைப் பூட்டினால், பக்கங்களின் பின்னணிக் கோரிக்கைகளைக் கையாளும் அட்மின்-அஜாக்ஸ் கோப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதை நம்பியிருக்கும் படிவங்கள், சாதாரண வாசகரிடமும் கடவுச்சொல் கேட்கும். அந்த ஒரு கோப்புக்கு விதிவிலக்கு எழுதியே ஆகவேண்டும்.

'இண்டெக்ஸஸ்' கருவியில் 'நோ இண்டெக்ஸிங்' கொடுத்தால் கோப்புப் பட்டியல் மறையும், அவ்வளவுதான். பெயரை ஊகிப்பவருக்கு அது தடையே இல்லை. தளங்களைத் துழாவும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஊகித்துத்தான் வருகின்றன.

பெரிய குறை, தனிக் கோப்பைத் தடுக்க ஒரு பொத்தான்கூட இல்லாதது. கசிவு பெரும்பாலும் அங்கேதான். பிஎச்பி கோப்பைச் சர்வர் இயக்கிவிடுவதால் அதன் உள்ளடக்கம் வெளியே தெரியாது. அதையே '.பேக்' என்று முடியும் பெயரில் நகலெடுத்து வைத்தாலோ, நானோ எடிட்டர் '.சேவ்' நகலை விட்டுச் சென்றாலோ, சர்வர் அதை வெறும் எழுத்தாக அப்படியே காட்டிவிடும்.

எனவே கையால் எழுத வேண்டியதுதான். ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அப்பாச்சி சர்வருக்கான விதிகள் இருக்கும் '.எச்டிஆக்சஸ்' கோப்பைத் திறங்கள். ஒரு 'ஃபைல்ஸ்மேட்ச்' தொகுதியில் என்வ், பேக், சேவ், எஸ்க்யூஎல், லாக் என்ற பின்னொட்டுகளைச் சேர்த்து, உள்ளே 'ரிக்வயர் ஆல் டினைட்' என்று எழுதினால் போதும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'ஆர்டர் டினை' முறை அப்பாச்சி 2.2 காலத்தது, 2.4இல் இரண்டையும் கலக்காதீர்கள். 'டைரக்டரி' தொகுதிக்கு இந்தக் கோப்பில் இடமில்லை, எழுதினால் தளம் முழுக்க 500 என்ற சர்வர் பிழைதான். ஃபைல்ஸ்மேட்ச் பார்ப்பது கோப்பின் பெயரை மட்டுமே என்பதால், நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் '.கிட்' கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக் தப்பிவிடும். அதற்கு 'ரீடைரக்ட்மேட்ச் 404' வேண்டும்.

புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுக்கும் விதியைப் பலர் ஒட்டிவிடுகிறார்கள். '.வெல்-நோன்' கோப்புறையும் அதில் மாட்டும். எச்டிடிபிஎஸ் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அந்த வழியில் சரிபார்க்கும் தளங்களில் சான்றிதழ் புதுப்பிப்பு நின்றுபோகும். சான்றிதழ் 90 நாள் செல்லுபடியாவதால், தளம் உடையும்போது காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு சர்வர் நின்று நிலையான கோப்புகளை நேராகப் பரிமாறும் ஹோஸ்டிங்கில் '.எச்டிஆக்சஸ்' விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது. லைட்ஸ்பீட் என்டர்பிரைஸ் சர்வரில் இந்தத் தொல்லை இல்லை.

இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, கோப்பைத் தளக் கோப்புறையான பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே நகர்த்துவது. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக்கை ஒரு படி மேலே வைத்தாலும் வேர்ட்பிரஸ் தானே கண்டுகொள்ளும். ஆட்-ஆன் டொமைன் (அதே கணக்கில் சேர்த்த இன்னொரு தளம்) பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ளேயே இருந்தால் மட்டும், ஒரு படி மேலே போனாலும் அது திறந்த இடம்தான்.

முடித்ததும் 'கர்ல்' கட்டளையால் ஒவ்வொரு முகவரியையும் சோதியுங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (கோப்பு இல்லை) வந்தால் சரி. 200 வந்தால் கோப்பு திறந்திருக்கிறது என்று பொருள்; முதலில் சிடிஎன் கேஷை (இடையில் இருக்கும் சர்வர்கள் சேமித்த நகலை) துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஏற்கெனவே திறந்து கிடந்த கோப்பென்றால் தடுப்பது மட்டும் போதாது: தரவுத்தளக் கடவுச்சொல், ஏபிஐ சாவிகள், வேர்ட்பிரஸ் சால்ட்கள் (உள்நுழைவைக் காக்கும் ரகசியச் சரங்கள்) மூன்றையும் அன்றே மாற்றுங்கள்.