டிக்கன்ஸின் 'சிக்னல்மேன்': முதன்முறை வாசிப்போருக்கு

பேய்க்கதை என்றாலே அலறலும் இரத்தமும்தான் என்று ஒதுங்கிக்கொள்பவர்கள், சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது சஞ்சிகையின் 1866ஆம் ஆண்டு நத்தார் இதழுக்காக எழுதிய 'சிக்னல்மேன்' சிறுகதையை ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடையொன்றில் இதன் மெல்லிய ஆங்கிலப் பதிப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு கொத்து ரொட்டியின் விலைகூட இல்லாத அந்தப் புத்தகம் அன்றிரவு என்னை வெகுநேரம் விழித்திருக்க வைத்தது.

பாறையை வெட்டி இறக்கிய ஆழமான பள்ளத்தில் தண்டவாளம் ஓடுகிறது. சுவர்களில் ஈரம் கசிகிறது. ஒரு முனையில் சுரங்கத்தின் வாயும் அதனருகே சிவப்பு விளக்கும் இருக்கின்றன. மேட்டில் நிற்கும் கதைசொல்லி, கீழே தன் குடிலின் வாசலில் கொடியுடன் நிற்கும், ரயில்களுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரரைக் கூப்பிடுகிறார். குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஆனாலும் அவர் அண்ணாந்து பார்க்காமல், உடலைத் திருப்பித் தண்டவாளம் நீளும் திசையைப் பார்க்கிறார். அந்தச் சிறிய அசைவுக்கான காரணம் சில பக்கங்கள் கழித்தே தெரியவருகிறது. தெரிந்தபின் முதற்பக்கத்தை மறுபடி புரட்டாமல் இருக்க முடியவில்லை.

இடக்கையால் முகத்தை மறைத்து வலக்கையைப் பதற்றத்துடன் வீசும் ஓர் உருவம் அந்தச் சிவப்பு விளக்கருகே அவருக்குத் தோன்றுகிறது. முதன்முறை தோன்றிய சில மணி நேரத்தில் அப்பாதையில் பெரும் விபத்து நடந்தது. சில மாதங்களின் பின் மீண்டும் தோன்றியது, அதே நாளில் ரயிலில் ஒரு மரணம் நேர்ந்தது. இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. அச்சம் உருவத்தில் இல்லை, அவருடைய கடமையில் இருக்கிறது என்பதே என் வாசிப்பு. 'ஆபத்து, கவனம்' என்று தந்தி அடித்தால், 'என்ன ஆபத்து, எங்கே?' என்று கேட்பார்கள். தெரியாது என்று பதில் சொன்னால் புத்தி பேதலித்தவர் என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பல உயிர்களுக்குப் பொறுப்பான ஒரு மனிதரிடம், எதற்கென்று தெரியாத எச்சரிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு அவரைத் தனியே விட்டுவிடுவதைக் காட்டிலும் கொடியது என்ன இருக்கிறது?

இதை டிக்கன்ஸ் வெறும் கற்பனையால் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். 1865 ஜூன் 9 அன்று, இங்கிலாந்தின் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் அருகே அவர் பயணித்த ரயில் தடம்புரண்டு 10 பேர் இறந்தார்கள். திருத்தவேலைக்காகப் பாலத்தில் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தது. வேலையை மேற்பார்வை செய்தவர் நேர அட்டவணையைப் பிழையாக வாசித்திருந்தார். 1,000 யார் தொலைவில் கொடியுடன் நின்றிருக்க வேண்டியவர், ஏறத்தாழ அதன் பாதித் தூரத்திலேயே நின்றார். டிக்கன்ஸ் தமது பெட்டியிலிருந்து இறங்கி, தொப்பியில் தண்ணீர் அள்ளிவந்து காயப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். பிந்திவந்த எச்சரிக்கை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவரின் கை இந்தக் கதை முழுவதும் தெரிகிறது.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது 1864 டிசெம்பரில். ஆகவே கதை வெளியான காலத்தில் நம் நாட்டிலும் ரயில் புதுமையாகவே இருந்தது. கடுகண்ணாவைச் சுரங்கங்களைக் கண்டிப் பயணத்தில் கடந்தவர்களுக்கு இந்தக் கதையின் இடம் அந்நியமாகப் படாது.

குறைகளும் உண்டு. ரயிலில் நேரும் மரணத்தை ஆசிரியர் அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்; அது முதல் விபத்தளவுக்கு மனத்தில் தைக்கவில்லை. தொடக்க வர்ணனையின் நீண்ட வாக்கியங்கள் ஆங்கில வாசிப்பில் பழக்கம் குறைந்தவர்களைச் சற்றே தடுக்கும். ஆனால் உரையாடல் தொடங்கியதும் நடை இலகுவாகிவிடுகிறது. எனக்குக் கிடைத்த பதிப்பின் பெரிய எழுத்துகளும், பழைய ரயில்வேச் சாதனங்களை விளக்கும் பின்குறிப்புகளும் மிகவும் உதவின. அதன் முன்னுரையோ முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறது. நல்லவேளை, நான் அதைக் கதைக்குப் பிறகுதான் வாசித்தேன். எந்தப் பதிப்பை வாங்கினாலும் முன்னுரையையும் பின்னட்டையையும் தவிர்த்துவிட்டு நேரே கதைக்குப் போங்கள். கடைசிப் பந்தியை மட்டும் நிதானமாக, இரண்டு தடவை வாசியுங்கள். சிக்னல்காரர் சொன்னது எது, கதைசொல்லி தன் மனத்துக்குள் மட்டும் நினைத்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் முழுப் பயங்கரமும் விளங்கும்.