குடலைச் சுடுவதா, வால்வை மாற்றுவதா? ஹைடே நோய்க்குறிக்கான வழிகள்

எழுபது வயதைத் தாண்டியவர். குடலில் ரத்தம் கசிந்து மலம் கருத்துப் போகிறது, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்குகிறது, ஏற்றிய ரத்தம் நிற்பதில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் பெருந்தமனி வால்வு சுருங்கியதைக் காட்டும் முரல் ஒலி. குடல் ரத்தக் கசிவும் வால்வுச் சுருக்கமும் சேர்ந்தே வருவதை 1958-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹைடே எழுதினார். நோய்க்குறிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

சுருங்கிய வால்வின் இடுக்கில் ரத்தம் பீறிட்டுப் பாயும்போது ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியின் நீண்ட புரதச் சங்கிலிகள் விரிகின்றன. ஆடம்ட்ஸ்-13 (ADAMTS13) என்ற நொதி அவற்றை வெட்டிவிடுகிறது. குடல் சுவரில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்க் கோளாறுகள் (ஆஞ்சியோடிஸ்பிளேசியா) கசிந்தால் அடைக்க வேண்டியவை அந்த நீளச் சங்கிலிகள்தான். பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. மூன்றும் சரியாக வரலாம். அதை வைத்து ‘உறைதலில் கோளாறு இல்லை’ என்று முடித்துவிடக் கூடாது. வான் வில்லிபிராண்ட் காரணியின் செயல்பாட்டை ரத்தத்தில் உள்ள அதன் அளவால் வகுத்தால் 0.7-க்குக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக வந்தாலும் சந்தேகம் இருந்தால், நீளச் சங்கிலிகள் இருக்கின்றனவா என்று காட்டும் மல்டிமர் பரிசோதனை.

எண்டோஸ்கோபி வழியாகக் கசியும் இடத்தை ஆர்கான் வாயுவால் சுடுவது கையருகில் உள்ள வழி. நெஞ்சைத் திறக்க வேண்டாம், அன்றைய கசிவு நிற்கும். ஆனால் சீக்கம் என்ற பெருங்குடல் தொடக்கத்தில் சுவர் மிக மெல்லியது. சக்தியைக் குறைத்து, ஒன்றிரண்டு நொடித் துடிப்புகளாகத்தான் சுட வேண்டும், இல்லாவிட்டால் துளை விழும். ஒன்றைச் சுட்டால் எட்டாத சிறுகுடலில் இன்னொன்று கசியும். சங்கிலியை வெட்டும் வால்வு அப்படியே இருக்கிறதே. கசியும் இடம் தெரியாமல் குடலை வெட்டி எடுப்பது இதைவிட மோசம்.

வால்வை மாற்றினால் சங்கிலிகள் சில மணி நேரத்திலேயே மீளத் தொடங்குகின்றன. சுருக்கம் கடுமையானதா என்பதற்கு அளவுகோல்: வால்வுத் திறப்பின் பரப்பு 1 சதுர செ.மீ. அல்லது குறைவு, வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதிகம், ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4 மீட்டர் அல்லது அதிகம். கடும் ரத்தசோகையில் ரத்த ஓட்டமே வேகமாக இருப்பதால் அழுத்த வேறுபாடு மிகையாகத் தெரியும். ரத்தம் ஏற்றியபின் எக்கோவை (இதய அல்ட்ராசவுண்ட்) திரும்ப எடுப்பது நல்லது. ஏற்றுவதும் மெதுவாக, நுரையீரலில் நீர் கோக்காமல்.

எந்த வால்வு? உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும்; ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அதன் வீரியத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-ஐ ஒட்டி. குடல் கசிபவருக்கு அதைப் பொருத்துவதை எங்களால் ஏற்க முடியாது. அறுவையில் வைக்கும் திசு வால்வு நல்ல தேர்வு, உடலுக்குப் போதிய அளவில் இருந்தால். சிறியதை வைத்தால் இடுக்கு மீண்டும் உருவாகி, சங்கிலியும் மீண்டும் உடைகிறது. அறுவையைத் தாங்காத முதியவருக்கு, 2002-இல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்த, தொடை வழியே வால்வு வைக்கும் டாவி. அதன் பலவீனம் வால்வின் ஓரக் கசிவு: அந்தச் சந்திலும் ரத்தம் பீறிடும், ரத்தப்போக்கு திரும்பும். வைத்தபின் ஹீமோகுளோபின் மீண்டும் இறங்கினால், கொலனோஸ்கோபிக்கு ஓடுமுன் எக்கோவில் அந்த ஓரத்தைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்துக்குக் காரணமில்லையென்றால், டாவிக்குப் பின் ஆஸ்பிரின் ஒன்றே போதும். பிளேட்லெட்டைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெலைச் சேர்ப்பது ரத்தப்போக்கை வீணாகக் கூட்டும்.

அறுவை, டாவி இரண்டுமே முடியாதவருக்கு, குடல் கசிவைக் குறைக்க மாதம் ஒருமுறை நீண்டகால ஆக்ட்ரியோடைட் ஊசியும், நரம்பு வழி இரும்புச் சத்தும். இது காலம் கடத்தும் வழிதான். அந்த ஊசியால் பித்தப்பைக் கல் வருகிறதா என்று இடையிடையே ஸ்கேன் எடுக்க வேண்டும்.