விலை கூடின லென்ஸ்தான் நல்ல லென்ஸ் என்று நம்பினோம்: கற்றராக்ட் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் கவனம்

எங்கட அப்பா மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணி விட்டுப் பிழைத்தவர். வயது 67. நெடுங்காலமாகச் சீனி வருத்தம். இரண்டு கண்ணிலும் புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் தவணை வரும்வரை பொறுக்காமல், போன வருசம் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அவசரம்தான்.

அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு மூன்று விலை போட்ட அட்டையை நீட்டினா. முதலாவது மொனோபோக்கல். அது தூரத்துக்கு மட்டும், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். இரண்டாவது டோரிக், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு, அதாவது கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாதவர்களுக்கு. மூன்றாவது மல்டிபோக்கல், முதலாவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். "இதைப் போட்டா பிறகு கண்ணாடியே தேவையில்லை ஐயா, இதுதான் டொப்" என்றா. சீனி வருத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கண்மணியை விரிக்கத் துளி மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவும் இல்லை. என் தங்கச்சியின் காப்பை அடகு வைத்து ஒரு கண்ணுக்கு மூன்றாவதையே போட்டோம்.

ஒரு மாதம் கழித்து கல்லடிப் பாலத்தால் வரும்போது அப்பா என் தோளைப் பிடித்தார். "லைட்டெல்லாம் வட்டம் கட்டித் தெரியுது மகன்" என்றார். எதிரே வாகனம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் வெள்ளை நைலோன் வலையை மடியில் போட்டு, அறுந்த வலைக்கண்ணை விரலால் தடவித் தடவித் தேடினார். முன்பு பேசிக்கொண்டே கட்டுகிற மனிசன்.

திரும்பப் போய்ச் சொன்னோம். "லென்ஸுக்குப் பின்னால சவ்வு மங்கியிருக்கு, யாக் லேசர் அடிச்சாச் சரி" என்று இன்னொரு காசு கேட்டார்கள். நல்லகாலம், கையில் காசு இல்லை.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில்தான் விசயம் விளங்கியது. மல்டிபோக்கல் லென்ஸின் முகத்தில் வட்டம் வட்டமாக வெட்டியிருக்கும். வருகிற வெளிச்சத்தைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டவுக்குக் கொஞ்சம் என்று அது பங்கு போடும். நல்ல விழித்திரை அதைச் சமாளிக்கும். அப்பாவின் விழித்திரையைச் சீனி ஏற்கெனவே தின்றிருந்தது. அந்தக் கண்ணுக்கு வெள்ளையில் வெள்ளை பிரித்தறிவதே கஷ்டம்; வெளிச்சத்தையும் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? விழித்திரை பழுதானவர்களுக்கும், குளுக்கோமாவில் (கண் நரம்பு பழுதாகிற வருத்தம்) பார்வை குறைந்தவர்களுக்கும் இந்த லென்ஸைப் பொதுவாகத் தவிர்ப்பார்களாம். லேசரைப் பற்றிச் சொன்னபோது டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். லென்ஸை மாற்ற வேண்டி வரலாம் என்றால் முதலில் யாக் அடிக்கவே கூடாது. அந்த லேசர் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சவ்வில் துளை போடும்; அந்தப் பின்சவ்வு திறந்துவிட்டால் மாற்றுவது மிகவும் ஆபத்து.

"என்ன லென்ஸ், எத்தனை பவர்?" என்று கேட்டார். எங்களிடம் இருந்த பில்லில் "லென்ஸ் 1" மட்டும். லென்ஸ் பெட்டிக்குள் மொடல், பவர், தொடர் இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அடித்த ஸ்டிக்கர் வரும். ஒன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். போய்க் கேட்டேன். பெட்டியை எறிந்துவிட்டார்களாம்.

உங்கட அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், விலை அட்டையைப் பார்க்க முதல் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சீனி இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இரவில் வேலை செய்கிறவரா, ஓட்டோ ஓடுகிறவரா என்பதையும் சொல்லுங்கள். அந்த ஸ்டிக்கர் கையில் வராமல் மிச்சக் காசைக் கட்டாதீர்கள்.

அப்பாவின் விழித்திரைக்கு இப்போது கிளினிக்கில் வைத்தியம் நடக்கிறது. மல்டிபோக்கலைக் கழற்றுவதா விடுவதா என்று இன்னும் முடிவில்லை. மற்றக் கண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண மொனோபோக்கல் போட்டார்கள். கிட்டப் பார்க்கக் கண்ணாடி போடுகிறார். வலை கட்ட இருக்கும்போது காசு கொடுத்துச் செய்த கண்ணைக் கையால் பொத்திக்கொள்கிறார்.