மை50 பாஸா, சொந்தக் காரா?

கோலாலம்பூர் ரயில், பஸ்ஸுக்கான மாதப் பாஸ்தான் மை50. அதை எடுப்பதா, சொந்தக் காரில் போவதா? காஜாங், சுங்கை பூலோ பக்கமிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

செலவு
பாஸ்: 30 நாளைக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), மலேசியர்களுக்கு மட்டும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடும் ஃபீடர் பஸ் எல்லாம் அடக்கம். கேடிஎம் கொமுட்டர் ரயில் சேராது, அதில் வரும் கிள்ளான்காரர்கள் கவனிக்கவும்.
கார்: 2025 செப்டம்பர் கடைசியில் மானிய ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு இறங்கியதும் பலருக்குக் கார்தான் மலிவு என்று தோன்றுகிறது, ஆனால் ஒன்பது வருஷம்வரை இழுக்கும் மாதத் தவணை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் கார் வாசலில் சும்மா நின்றாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர் இந்தச் செலவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், எப்படியும் கட்டியாக வேண்டிய காசு அது. பெட்ரோல், டோல், பார்க்கிங் மூன்றை மட்டும் 50 வெள்ளியோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பார்க்கிங்தான் முடிவு செய்யும்.

நேரம்
பாஸ்: ரயில் சிக்கலில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் போவதுதான் தலைவலி. ஃபீடர் பஸ்ஸைத் தவறவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும்.
கார்: மழை பெய்தால் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆபீஸில் இலவச பார்க்கிங், கூடவே இரண்டு பேர் ஏறுகிறார்கள் என்றால் காரே சரி. பிரிக்பீல்ட்ஸ், கேஎல்சிசி மாதிரி நகர மையப் பக்கம் தனியாகப் போகிறவருக்கு பாஸ். வீட்டுக்கு இரண்டாவது கார் வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஒரு மாதம் பாஸ் எடுத்துப் பாருங்கள், மிச்சம் பெட்ரோலில் இல்லை, அந்தத் தவணையில் இருக்கிறது.