உணவு வேனுக்கு டியூபுலர் பேட்டரியா, லித்தியமா?

விலை: டியூபுலர், அதாவது ஈயமும் அமிலமும் உள்ள இன்வெர்ட்டர் பேட்டரி, கையைக் கடிக்காது, பழசைப் போட்டால் ஈயத்துக்குக் காசும் கிடைக்கும். லித்தியத்துக்கு, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு, முதலிலேயே பெரிய தொகை வேண்டும்.

எடை: 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும். பாதி சார்ஜுக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். 100 ஏஹெச் லித்தியம் சுமார் 12 கிலோதான். 80 சதவீதம் தைரியமாக எடுக்கலாம். ஆக, வேலை ஏறக்குறைய ஒன்றே.

பராமரிப்பு: டியூபுலருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், கேஸ் அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது. லித்தியத்துக்கு அதற்கேற்ற சார்ஜர் அவசியம்.

உப்புக்காற்று: இரண்டையும் விடாது. டெர்மினலில் பச்சை பூக்கும். துடைத்து வாசலின் தடவுங்கள்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் மாலை மட்டும் பல்பு, மிக்ஸி ஓட்டுபவருக்கு டியூபுலர் போதும். தனுஷ்கோடியில் பகல் முழுக்க மீனை ஃப்ரிட்ஜில் வைத்து விற்பவரா? கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்தாவது லித்தியமே வாங்குங்கள்.